நாலு மாடி மலை

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் பனி. ஏழு மணிக்கு மேல் வெயில்.

இன்று காலை 7.40க்கு, காபிக்கும் பேப்பருக்கும் நடுவே, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. நாளை முதல் அலுவலகத்துக்கு லிப்டில் ஏறுவதில்லை. படிக்கட்டு. நான்கு மாடி. முன்மொழிந்தவர் நான். வழிமொழிந்தவர் நான். இடது முழங்கால் மட்டும் எதிர்த்தது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

பின்னணி. மல்லிகா (என் மனைவி, இனி ம.) மலையேறப் போகிறாள். பிப்ரவரி முதல் வாரம், மேற்குத் தொடர்ச்சி மலை, இரண்டு நாள் நடை, ராத்திரி கூடாரம். கடற்கரைச் சாலையில் காலை நடக்கிற கோஷ்டி ஒன்றின் ஏற்பாடு. மொத்தம் பதினான்கு பேர். அதில் பதின்மூன்று பேர் இதுவரை ஏறிய அதிகபட்ச உயரம் மொட்டை மாடி.

நேற்று சாப்பிடும்போது அவள் சொன்னது, சொன்னபடியே:

"ஐம்பத்திமூணு வருஷமா எல்லாத்தையும் ஒரே மட்டத்துலேர்ந்தே பாத்துட்டேன். ஒரே ஒரு தடவ மேலேர்ந்து பாக்கணும். நீங்களும் வாங்க."

"நானா?"

"ஜோடி ஜோடியாத்தான் போவணுமாம். ஜெயந்தி டீச்சரு, நான் வர்றேன் உன் கூடன்னாங்க. வேணாம்னு உங்க பேரக் குடுத்துட்டேன்."

"ஒரு வார்த்தை கேக்காமலா?"

"கேட்டா ஒரு மணி நேரம் கிண்டல் பண்ணுவீங்க. அதான்."

இருபத்தெட்டு வருட மணவாழ்க்கை, ஒரே வரியில். ம. பள்ளியில் கணக்கு டீச்சர். சுருக்கத் தெரியும். கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். கடலும் சமமட்டம், பிறகு வாழ்க்கைப்பட்ட முத்தியால்பேட்டையும் சமமட்டம். இந்த ஊரில் மேடு என்றால் கோரிமேடு. சைக்கிள்காரருக்கு மட்டுமே தெரியும் அது மேடென்று.

அவள் போட்ட நிபந்தனை ஒன்று. மலை முடிகிறவரை யாரையும் எதையும் கிண்டல் செய்யக் கூடாது. என் பிழைப்பு, பழைய பிரெஞ்சுக் காலத்துச் சொத்துப் பத்திரங்களை வக்கீல் ஒருவருக்காகத் தமிழில் மொழிபெயர்ப்பது. ஆகவே பத்திர நடையிலேயே:

1. முதல் தரப்பு (நான்), இரண்டாம் தரப்புடன் (ம.) மேற்படி மலைக்குச் செல்லும்.
2. மேற்படி மலை, மேற்படி கோஷ்டி, கோஷ்டியின் ஆரஞ்சு நிற பனியன் ஆகியவை பற்றி முதல் தரப்பு வாய் திறக்காது.
3. கையால் எழுதுவது குறித்து ஷரத்து இல்லை.

ஆகவே இந்த நோட்டு.

ஜனவரி 5, திங்கள்

அலுவலகம் இருப்பது நூறடிச் சாலையில், ஒரு வணிக வளாகத்தின் நான்காவது மாடி. பதினோரு வருடமாக அங்கே போகிறேன். படிக்கட்டை இன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

முதல் மாடித் திருப்பம்: மூலை முழுக்கப் பாக்குச் சிவப்பு, தலைமுறை தலைமுறையாக. அதற்குமேல் சாமி படம் ஒட்டியிருக்கிறார்கள், துப்பாமல் இருக்க. சாமிக்கும் அடுத்த மூலைக்கும் இடைவெளி பார்த்துத் துப்பியிருக்கிறார்கள். இரண்டாம் மாடி: பல் ஆஸ்பத்திரி. கிராம்பு வாசனையும் பயமும். மூன்றாம் மாடி: போட்டித் தேர்வுப் பயிற்சி மையம். படிகளில் மாணவர்கள் உட்கார்ந்து ஆறுகளின் நீளத்தை மனப்பாடம் செய்கிறார்கள். வழிவிடுவதில்லை. ஒருத்தி காலை மட்டும் நகர்த்தினாள், கண் புத்தகத்தில். நான்காம் மாடி: நான், மூச்சு, எதிரில் கண்ணாடி. முகம் வேகவைத்த நண்டின் நிறம்.

ஒரு தடவை ஏறினால் நான்கு மாடி. பத்து தடவை ஏறினால் நாற்பது. அதுதான் தினசரி அளவு என்று தீர்மானம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏறுவதற்கு முதலில் கீழே இருக்கவேண்டும் என்பது இயற்கையின் குறுக்கீடு. லிப்ட்காரர் ஏழுமலை தீர்த்துவைத்தார்.

"இன்னா சார், காலங்காத்தால படியில? லிப்ட் மேல கோவமா?"

"மலைக்குப் போறேன் ஏழுமலை. பயிற்சி."

"அப்ப ஏறறத நீங்க பாத்துக்குங்க. எறக்கறத நான் பாத்துக்கறேன். வாங்க, உள்ள நில்லுங்க."

நியாயமான வேலைப் பங்கீடு. மலை என்பது ஏறுவதற்கு. இறங்குவது பூமியின் வேலை. அதற்குப் பயிற்சி எடுப்பது தூங்குவதற்குப் பயிற்சி எடுப்பது போல. இன்று மூன்று தடவை. பன்னிரண்டு மாடி. ஏழுமலை லிப்டின் உட்சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

ஜனவரி 8, வியாழன்

ஷூ வாங்கப் போனோம். நேரு வீதி. வெயில், ஹார்ன், கரும்பு ஜூஸ் ஈ.

கடைப் பையன் என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டான். என் கால் விரல்களை வெளியார் ஒருவர் பார்த்தது கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பாதபூஜை செய்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல். கட்டைவிரல் நகம் பழைய மஞ்சள் பத்திரத்தின் நிறம். பையன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தான். அந்த மரியாதைதான் வலித்தது.

"அங்கிள், இது தண்ணி போவாது, சேறு வழுக்காது, கணுக்கால் மடங்காது."

"நான் எதுக்கு அப்புறம்?" என்று கேட்க வாய் வரை வந்தது. ஷரத்து 2. விழுங்கினேன். ம. கவனித்தாள். வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து, "கடையில நல்லா இருந்தீங்க" என்றாள். பல் பிடுங்கிக்கொண்ட குழந்தையிடம் சொல்கிற குரலில்.

ஷூவின் எடை ஒவ்வொன்றும் ஒரு பப்பாளி.

ஜனவரி 11, ஞாயிறு

கடற்கரைச் சாலை. காலை 5.30. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள்: வட்டமாக நின்று காரணமில்லாமல் சிரிக்கும் கூட்டம். பின்னோக்கி நடப்பவர் ஒருவர். நாயை நடத்தும் ஒருவர், நாய்க்கும் விருப்பமில்லை. ஆரஞ்சு பனியனில் நாங்கள் பதினான்கு பேர், தெருவிளக்கின் கீழே குவித்த கமலா ஆரஞ்சு மாதிரி.

லீடர்: கதிரேசன். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். ஒன்பது மலை ஏறியவர், ஒன்பதையும் சொல்லிவிடுவார். எதைச் சொன்னாலும் மூன்று தடவை. பனியன் முதுகில் வாசகம்: 'சிகரம் உன்னை அழைக்கிறது'. எனக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. சொல்லவில்லை.

இன்றைய பாடம்: காட்டில் காலைக்கடன். சின்னக் கொத்துக்கரண்டி ஒன்றை எடுத்துக் கடற்கரை மணலில் மண்டியிட்டு, ஒரு சாண் ஆழம் குழி தோண்டிக் காட்டினார்.

"ஓடைக்குப் பக்கத்துல கூடாது. ஓடைக்குப் பக்கத்துல கூடாது. வேல முடிஞ்சதும் மூடிடணும். யாருக்காவது டவுட்டு?"

ஒருவர் கை தூக்கினார். "சார், ராத்திரியில எடத்த எப்படிக் கண்டுபுடிக்கிறது?"

"எந்த எடம்? தோண்டுன எடமா, தோண்டாத எடமா?"

கால்மணி நேரம் விவாதம். பதினான்கு பெரியவர்கள், அதில் இருவர் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரிகள், ஒரு குழியைச் சுற்றி நின்று. சிரிக்கும் கூட்டத்தார் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

பிறகு விதிமுறை:

– ஜோடியில் ஒருவர் இன்னொருவருக்குப் பொறுப்பு.
– பிப்ரவரி 1, செஞ்சிக் கோட்டை மலையில் தேர்வு. ஏறி இறங்கி அடிவாரம் சேர மூன்றரை மணி நேரம்.
– ஜோடியில் ஒருவர் தவறினாலும் இருவரும் வீட்டில்.

ஜெயந்தி டீச்சர் ம.வின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. "யோசிச்சுக்கடி. சாரு வந்து நின்னுட்டார்னா உன் மலையும் போச்சு."

ம. சொன்னது: "வருவாரு."

மற்றவர்கள் அரும்பார்த்தபுரம் மேம்பாலத்துக்குப் பயிற்சிக்குப் போனார்கள், முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசியோடு. பாலத்தில் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. எனக்கு அலுவலகப் படி போதும் என்று சொல்லித் தப்பினேன். லாரிப் புகையில் ஆரோக்கியம் தேடுவதை என்னால் பார்க்க முடியாது.

ஜனவரி 14, புதன்

போகி. தெரு முழுக்கப் புகை. யாரோ டயர் கொளுத்தியிருக்கிறார்கள். தொண்டையில் ரப்பர்.

எதிர்வீட்டு அந்துவான், புகைக்கு மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம். பென்ஷன் இன்னும் அங்கிருந்து வருகிறது. தெருவுக்கு அவர் 'சொல்தா' (பிரெஞ்சில் சிப்பாய்). அவருக்கு ஆண்கள் எல்லோரும் 'முசே' (ஐயா). ம.வுக்கு 'சொல்தா அண்ணன்'. உண்மையோடு அவருக்குத் தூரத்து உறவு. ஒரு ஜெனரல் தன்னிடம் மத்தி மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகச் சொல்வார். வருடாவருடம் ஜெனரலின் பதவி ஒரு படி உயரும்.

"இன்னா முசே, மலைக்கா? உன் வயசுல?"

"ஐம்பத்தேழு ஒரு வயசா?"

"ஏறறதுக்கு வயசே கெடயாது முசே. எறங்கறதுதான் வேலையே." தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "ஆல்ப்ஸ்ல எங்க கம்பெனி ஏறும்போது ஒருத்தன் விழல. எறங்கும்போது ஒம்போது பேருக்கு முட்டி போச்சு. ஒம்போது பேரு!"

போன வருடம் இதே கதையில் ஏழு பேர். எண்ணிக்கை கூடும் சாட்சியை எந்த நீதிமன்றமும் ஏற்காது. தலையாட்டி அனுப்பினேன். ம. மட்டும் அவரை உட்காரவைத்து வடை கொடுத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்தது. எட்டு தடவை, 32 மாடி. தொடையில் வலி இல்லை.

வீட்டுக்குள் வந்திருப்பவை:

– அட்டை கடிக்காமலிருக்க உறை. முழங்கால் வரை. போட்டால் நாடகத்து ராஜா.
– நெற்றியில் கட்டும் விளக்கு. ம. அதைக் கட்டிக்கொண்டு சமையலறையில் உளுந்து பொறுக்கினாள்.
– பேரீச்சை, முந்திரி, எள் சேர்த்து ஜெயந்தி டீச்சர் பிடித்த உருண்டை, முப்பது. பெயர் 'சக்தி உருண்டை'. வாயில் போட்டால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சை நிறுத்துகிறது. ம.வின் யோசனையாக இருக்கும்.
– நடக்கக் கம்பு, இரண்டு. மடக்கலாம். என்னால் மடக்க முடியவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் தினம் ஐம்பது செய்தி. சூரிய உதயம், ரோஜாப்பூ, 'முடியும் என்பவனே முடிப்பான்', யாரோ ஒருவருடைய கால் ஆணியின் புகைப்படம். கால் ஆணிக்குப் பன்னிரண்டு பேர் கைகூப்பியிருக்கிறார்கள்.

தூங்கும் முன் ம. தினமும் கேட்பது:

"இன்னிக்கி எத்தினி?"

"முப்பத்திரண்டு."

"ஏறி எறங்கினீங்களா?"

"ம்."

பொய் அல்ல. ஏறினேன். இறங்கினேன். எதன் மூலம் என்று கேள்வியில் இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

பத்து தடவை. நாற்பது மாடி! கடைசித் தடவை கண்ணாடியில் முகம் மனித நிறம். பயிற்சி மைய மாணவர்கள் இப்போது எழுந்து வழிவிடுகிறார்கள். ஒருத்தன், "சார், எந்த எக்ஸாமுக்குப் படிக்கிறீங்க?" என்றான். ஏழுமலை சாக்பீஸ் கோட்டை எண்ணி எல்லா மாடியிலும் அறிவிக்கிறார். பல் டாக்டர் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அருவருப்பான உண்மை ஒன்று: பிடித்திருக்கிறது.

இன்று மதியம் ஒரு பத்திரத்தில் தோட்டத்தின் எல்லை எழுதியிருந்தது. கிழக்கே கடல், மேற்கே வாய்க்கால். எழுதியவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. மேலேர்ந்து பாக்கணும் என்று ம. சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கும் பார்க்கவேண்டும் போல. இதை யாரிடமும் சொல்வதாக இல்லை.

ஜனவரி 28, புதன்

லேசான தூறல், ஒன்றுமில்லாமல் போயிற்று.

ம. மேம்பாலத்திலிருந்து வியர்வையோடு வந்தாள். இன்று பதினாறு தடவை, ஏறி இறங்கி. ஸ்கூட்டரில் போன ஒருத்தர் நிறுத்தி, "யக்கா, ரேஷன் அரிசியா? ஏறுங்க, வூட்டாண்ட எறக்கி வுடறேன்" என்றாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"ஏறும்போது மூச்சு வாங்குது. எறங்கும்போதுதான் முட்டி புடிக்குது. உங்களுக்கு இல்ல?"

"இல்லையே."

"ஆச்சரியமாதான் இருக்கு" என்றாள். என் காலை மரியாதையோடு பார்த்தாள். அந்த மரியாதையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இரவு 9. படுக்கையிலிருந்து எழுதுகிறேன். கைதான் வேலை செய்கிறது.

வேன் 4.30க்குக் கிளம்பியது. வழி முழுக்க லீடர் ஒன்பது மலை. செஞ்சி 6.15. குளிர்ந்த காற்று, பாறை, குரங்கு. ராஜகிரி நேராக நிற்கிறது, யாரோ கோபத்தில் அடுக்கியது போல.

ஏறினேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: நன்றாக ஏறினேன். ஜெயந்தி டீச்சரை முதல் வாசலில் தாண்டினேன். கால் ஆணிக்காரரை இரண்டாவதில். லீடரின் முதுகில் 'சிகரம் உன்னை அழைக்கிறது' என்பதை ஒரு கை தூரத்தில் வைத்துப் படித்துக்கொண்டே போனேன். "சார், நீங்க மறைஞ்ச புலி சார், மறைஞ்ச புலி" என்றார். உச்சிக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.

ம. எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தாள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். கீழே வயல்கள், ஏரி, ரோட்டில் பஸ் ஒன்று தீப்பெட்டியளவு. கிழக்கே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கடல் தெரியாதா?"

"தூரம். பனி வேற."

"தெரிஞ்சா நல்லா இருந்திருக்கும். இருக்கட்டும்." பிறகு, "பெரிய மலையில தெரியுதான்னு பாப்போம்" என்றாள்.

கிண்டல் எதுவும் தோன்றவில்லை. ஷரத்து 2 காரணம் அல்ல.

இறக்கம்.

முதல் நூறு படி: சாதாரணம். இருநூறு: தொடை தையல் மிஷின் போல ஆட ஆரம்பித்தது. நிறுத்தச் சொன்னேன், நிற்கவில்லை. முந்நூறுக்கு மேல் முழங்கால் என்னுடையதாக இல்லை. ஒவ்வொரு படிக்கும் உள்ளே யாரோ ஆணி அடித்தார்கள். உட்கார்ந்தேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். பிறகு எழவில்லை.

உட்கார்ந்தபடியே இறங்கினேன். கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, ஒரு படி. மறுபடி. கால்சட்டையின் பின்பக்கம் செஞ்சிக் கோட்டையின் வசம். சக்தி உருண்டையைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு, கடித்து, வாய் ஒட்டிக்கொண்டு, என்னையே பார்த்தது. சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் எதிரே ஏறி வந்தார்கள்.

"தாத்தா, சறுக்கு மரமா?"

"டேய், தாத்தாவுக்கு வழி வுடுங்கடா, பிரேக் இல்ல!"

ம. என் பையையும் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்றாள். முதலில் என் தோளைப் பிடித்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அவள் கால் நன்றாக இருந்தது. அவள் தனியாக இறங்கியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமிருந்திருக்கும்.

அடிவாரம்: மொத்தம் நாலு மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம். லீடர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒரே ஒரு தடவை சொன்னார்: "ஸாரி மேடம்." மூன்று தடவை சொல்லியிருந்தால் பரவாயில்லை.

வேனில் ஜெயந்தி டீச்சர் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக வெளியே பார்த்தார். திண்டிவனம் தாண்டி ம. சொன்னது இது மட்டும்:

"நாப்பது மாடி. ஏறி எறங்கினவரு."

பிப்ரவரி 2, திங்கள்

விடுப்பு. வீடு முதல் மாடி. தெருவுக்கு இறங்க முடியாது. கழிப்பறையில் உட்கார்வது ஒரு தனி அத்தியாயம்; எழுந்திருப்பது இன்னொன்று. எழுதமாட்டேன்.

சொல்தா பச்சை நிறத் தைலம் கொண்டுவந்தார். நாற்றம், இறந்த யூகலிப்டஸ். "சொன்னேனே முசே" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தேய்த்துவிட்டுப் போனார்.

ம. பள்ளியிலிருந்து வந்து, அலமாரிக்கு மேல் வைத்திருந்த கூடாரப் பையை எடுத்து, ஜெயந்தி டீச்சருக்குத் திருப்பிக் கொடுக்கத் துடைத்து வைத்தாள். அரிசிப் பையைப் பிரித்து டப்பாவில் கொட்டினாள். கோபமாக இருந்தால் பாத்திரச் சத்தம் கேட்கும். கேட்கவில்லை.

ஒரு மாதமாக யார் யாரையோ பற்றி இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். திருப்பிப் படித்தேன். நோட்டை மூடித் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கம்பு இரண்டையும் ஊன்றி, ஆட்டோ வைத்து, லீடர் வீடு. ம.வுக்குச் சொல்லவில்லை.

கூடம் முழுக்க ஒன்பது மலையும் சட்டம் போட்டு. ஒவ்வொன்றிலும் அவர் இடுப்பில் கை. டீ கொடுத்தார். சொன்னேன். படியில் ஏறியது. லிப்டில் இறங்கியது. ஏழுமலை. ம. தினம் கேட்டது. நான் 'ம்' என்றது.

அவர் டீயை வைத்துவிட்டார். "எறங்கும்போது லிப்ட்டா? எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

"ஒரு நாள் கூட?"

"ஒரு நாள் கூட இல்லை. தப்பு என்னுது. அவங்க இறங்குனத நீங்களே பாத்தீங்க. அவங்களை வுட்டுடாதீங்க."

"ரூல்ஸுன்னு ஒண்ணு இருக்கே சார்."

"ஜோடியில ஒருத்தர் தவறினான்னுதான் விதி. நான் தவறலை. நான் தேர்வுக்கே தகுதி இல்லாத ஆள். செல்லாத ஒப்பந்தத்துல இரண்டாம் தரப்பைத் தண்டிக்க முடியாது."

வங்கிக்காரர். புரிந்தது. ஜெயந்தி டீச்சரும் அவர் தங்கையும் இருக்கிற ஜோடியில் ம.வை மூன்றாவதாகச் சேர்க்கலாம் என்றார். பிறகு முகம் மலர்ந்தது. நான் பயந்தது அதைத்தான்.

"சார், இத குரூப்புல போட்டுக்கலாமா? மத்தவங்களுக்கு ஒரு பாடமா இருக்கும். உங்க பேரோடதான். பேர் இல்லாட்டி யாரும் நம்ப மாட்டாங்க."

இந்த மனிதரைப் பற்றி ஒரு மாதம் எழுதிய எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டேன். "போடுங்க" என்றேன்.

ஆட்டோ முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வருவதற்குள் குரூப்பில் செய்தி வந்துவிட்டது. 'இறங்கவும் பயிற்சி தேவை: ஓர் உண்மைச் சம்பவம்'. மூன்று பத்தி. பத்து நிமிடத்தில் நாற்பது சிரிப்பு முகங்கள். ஒருவர்: 'லிப்ட் சார் வாழ்க'. கால் ஆணிக்காரர் கைகூப்பியிருந்தார்.

நான் வீட்டுப் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது (ஏற்றம் இன்னும் நன்றாகவே இருக்கிறது) சமையலறையில் ம.வின் போன் டிங் டிங் என்றது. பிறகு அமைதி. பிறகு சிரிப்பு. நின்று, மறுபடி ஆரம்பித்து, இருமலில் முடிந்த சிரிப்பு. நான் செருப்போடு நடுக்கூடத்தில் நின்றேன்.

வெளியே வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நாலு மாடிக்கு லிப்ட்டா?"

"ஆமா."

"என் கிட்ட ஒரு மாசமா ம், ம்னு."

"ஆமா."

சிரிப்பு போய்விட்டது. "நான் ஜெயந்தி டீச்சரு கிட்ட வருவாருன்னு சொன்னேன்" என்றாள். உள்ளே போனாள். ராத்திரி சாப்பாட்டில் அப்பளம் இருந்தது. இரண்டு. பேச்சு இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

வானம் தெளிவு. பஸ் மாலை 6.30.

ம.வின் பையில் நான் வைத்தவை: தலை விளக்கு, அதன் பேட்டரி, சொல்தாவின் தைலம் (பிளாஸ்டிக் உறை மூன்று போட்டும் நாறுகிறது), அட்டை உறை, என் கம்பு. மடக்க இப்போது தெரியும்.

பஸ் நிலையத்தில் ஆரஞ்சுப் பனியன்கள். "லிப்ட் சார் வந்துட்டாரு!" கைதட்டல். ஜெயந்தி டீச்சர் ஒரு சக்தி உருண்டை கொடுத்தார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். பேச முடியாமல் போனது வசதி.

ம. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள்.

"மலை முடியற வரைக்கும் பேச மாட்டேன்னீங்க."

தலையாட்டினேன்.

"வராமலே பேசாம இருக்கப் போறீங்க. முழுசா ரெண்டு நாளு." ஜன்னலுக்கு வெளியே குனிந்தாள். "மோர் மிளகா நீலமூடி டப்பாவுல இருக்கு. நடுத் தட்டுல வெச்சிருக்கேன். எக்க வேணாம், குனிய வேணாம்."

பஸ் கிளம்பியது. 6.50. டீசல் புகை முழுக்க என் மேல்.

பிப்ரவரி 6, வெள்ளி

அலுவலகம். ஏழுமலையிடம் எல்லாம் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். "நான் நல்லதுக்குத்தான சார் எறக்குனேன்?" லிப்ட் சுவரில் சாக்பீஸ் கோடுகள் இன்னும் இருக்கின்றன. யாரோ கீழே 'மலை ராஜா' என்று எழுதியிருக்கிறார்கள். பல் டாக்டர் கையெழுத்து.

லிப்டில் ஏறி, லிப்டில் இறங்கி. பத்திரம் மூன்று பக்கம். கைபேசிக்குச் சிக்னல் இருக்காது என்று தெரிந்தும் ஏழு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 7, சனி

வெயில். காற்று தெற்கிலிருந்து.

மாலை 4.10க்கு ம.விடமிருந்து செய்தி: 'எறங்கிட்டேன். முட்டி நல்லா இருக்கு. மேலேர்ந்து கடல் தெரியல. ஆனா மேகம் கீழ இருந்துச்சு.'

5.30க்கு அலுவலகம் பூட்டினேன். படிக்கட்டில் இறங்கினேன். ஒரு கை சுவரில். நான்கு மாடி, பதினாறு நிமிடம்.

ஏழுமலை லிப்டைக் காலியாகக் கீழே கொண்டுவந்தார்.